மலேரியா: ஊர்ப்புறங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேரியா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கொசு. ஆனால் புதிதாகப் பிறந்து பறக்கும் கொசுவிடம் மலேரியாக் கிருமி கிடையாது. கிருமி உள்ள ஒருவரைக் கடித்த பிறகுதான் அதற்கு வருகிறது. ஊருக்குள் கிருமி ஒளிந்திருக்கும் இடம் மனித ரத்தம். அதனால் கொசுவலைக்கும் மருந்துத் தெளிப்புக்கும் தந்த அளவு இடத்தை ரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் இங்கே தந்திருக்கிறோம்.

மலேரியா எப்படித்தான் பரவுகிறது?

அனாஃபிலஸ் இனப் பெண் கொசு கடிப்பதால் பரவுகிறது. நோயை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி. அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவரான் 1880-ல் அதை நோயாளியின் ரத்தத்தில் பார்த்தார். ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் பார்த்தார். அதுவரை சதுப்பு நிலத்துக் காற்றுதான் காரணம் என்று நம்பியிருந்தார்கள்.

கொசு உறிஞ்சிய கிருமி அடுத்த கடியிலேயே இன்னொருவருக்குப் போய்விடாது. அது கொசுவின் உடலுக்குள் வளர்ந்து எச்சில் சுரப்பிக்கு வந்து சேர, வெப்பமான பருவத்தில் ஏறக்குறைய 10 முதல் 14 நாள் பிடிக்கும். பெரும்பாலான கொசுக்கள் அத்தனை நாள் உயிரோடு இருப்பதில்லை. நமக்குச் சாதகமான விஷயம் இதுதான். வலையிலும் சுவரிலும் இருக்கிற மருந்து ஊரிலுள்ள கொசு முழுவதையும் ஒழிக்க வேண்டியதில்லை. கொசுக்களின் ஆயுளில் சில நாளைக் குறைத்தாலே, கிருமி முற்றுவதற்குள் கொசு செத்துவிடும்.

நோயாளியைத் தொடுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, இருமலாலோ மலேரியா ஒட்டாது. ரத்தம் ஏற்றும்போதும், கர்ப்பத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுவது உண்டு, ஆனால் அரிது.

சாக்கடையை எல்லாம் சுத்தம் செய்துவிட்டோம். அப்படியும் மலேரியா குறையவில்லையே, ஏன்?

தேட வேண்டிய தண்ணீர் வேறு. சாக்கடையிலும் கழிவுநீர்க் குட்டையிலும் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. காதோரம் ரீங்கரித்துத் தூக்கத்தைக் கெடுப்பதும், யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். அனாஃபிலஸ் பெரும்பாலும் ஓரளவு தெளிந்த தண்ணீரைத்தான் விரும்பும். ஓடையின் ஓரத்தில் தனித்து நிற்கும் நீர், புல் மண்டிய வாய்க்கால் கரை, நெல் வயல், மண் வெட்டி எடுத்த குழி, செங்கல் சூளைப் பள்ளம், கைவிட்ட கிணறு, மூடாத மேல்நிலைத் தொட்டி, மழைக்குப் பின் வண்டித் தடத்திலும் மாட்டுக் குளம்படியிலும் தேங்கும் நீர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுப் பாத்திரம், டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் வளர்ந்து பகலில் கடிக்கும். அனாஃபிலஸ் அந்தி சாய்ந்த பிறகு தொடங்கி விடியும்வரை கடிக்கும்.

சாக்கடையைச் சுத்தம் செய்வது வேண்டாம் என்பதல்ல. அதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. மலேரியா வேலை அதோடு முடிந்துவிட்டதாகக் கணக்கு எழுதுவதுதான் தவறு.

தண்ணீரில் நெளியும் புழு எந்தக் கொசுவினுடையது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், கருவி எதுவும் வேண்டாம். வெள்ளை நிறக் கரண்டியோ அகலமான வெள்ளைக் கிண்ணமோ போதும். உங்கள் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக மெல்ல நெருங்குங்கள். நிழலோ அதிர்வோ பட்டால் புழு சட்டென்று அடிக்கு இறங்கிவிடும், மேலே வர ஒன்றிரண்டு நிமிடமாகும். புல்லும் செடியும் தண்ணீரைத் தொடும் ஓரத்தில் கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்து, மேற்பரப்பு நீர் மட்டும் வழிந்து உள்ளே வரும்படி மொண்டு எடுங்கள். நடுக்குளத்தில் மொண்டுவிட்டுப் புழு இல்லை என்று சொல்வதற்கு அர்த்தமில்லை. ஓர் இடத்தில் பத்து முறையாவது, இடம் மாற்றி மாற்றி எடுத்துப் பார்க்க வேண்டும்.

கிண்ணத்தை அசைக்காமல் வைத்துப் பாருங்கள். நீர்ப்பரப்போடு ஒட்டி, படுத்த வாக்கில் மிதந்தால் அனாஃபிலஸ். தலை கீழாகச் சாய்ந்து, வால் நுனியால் நீர்ப்பரப்பைப் பிடித்துத் தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். அந்த இரண்டுக்கும் வாலில் மூச்சுக்குழல் உண்டு. அனாஃபிலஸுக்கு அது கிடையாது. அதனால்தான் படுத்தபடி மிதக்கிறது. வளர்ந்த கொசுவிலும் வேறுபாடு தெரியும். சுவரில் உட்காரும்போது அனாஃபிலஸ் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். மற்றவை சுவருக்கு இணையாக உட்காரும்.

ஊரில் உள்ள எல்லாத் தண்ணீரையும் மூட முடியுமா? எதை முதலில் செய்வது?

எல்லாவற்றையும் மூட முடியாது. நாள் கணக்கைப் பிடித்துக்கொண்டால் வேலை எளிதாகும். முட்டை கொசுவாகி வெளியேற வெப்பமான காலத்தில் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்று தவறாமல் காலி செய்தால் எந்தப் புழுவும் கொசுவாகாது. பத்து நாளுக்கு ஒருமுறை செய்தால் பாதி வேலை வீண்.

சிறு பள்ளங்களை மண் கொட்டி நிரப்புங்கள். மேல்நிலைத் தொட்டிக்கு இடைவெளி இல்லாத மூடி போடுங்கள். பலர் மூடியை மட்டும் பார்த்துவிட்டு, வழிந்தோடும் குழாயையும் காற்றுக்குழாயையும் மறந்துவிடுகிறார்கள். அந்த வாய்களிலும் வலைத்துணி கட்ட வேண்டும். வாய்க்கால் ஓரப் புல்லை வெட்டி நீர் தடையில்லாமல் ஓடவிட்டாலே பாதிப் புழு அடித்துக்கொண்டு போய்விடும். நெல் வயலில் தொடர்ந்து நீரைக் கட்டி நிறுத்தாமல், இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சும் முறை புழுவைக் குறைக்கும், தண்ணீரையும் மிச்சப்படுத்தும். ஆனால் ஒரு வயல்காரர் மட்டும் செய்தால் பலனில்லை. அதே மடையில் பாயும் வயல்கள் எல்லாம் சேர்ந்து செய்ய வேண்டும்.

வற்றாத கிணறு, மூடப்பட்ட பெரிய தொட்டி போன்றவற்றில் புழுவைத் தின்னும் கம்பூசியா, கப்பி மீன்களை விடலாம். இவற்றை ஏரி, ஆற்றில் மட்டும் விடாதீர்கள். கம்பூசியா உள்ளூர் மீன்குஞ்சுகளையும் முட்டைகளையும் தின்று தீர்த்துவிடும்.

குடிநீர்த் தொட்டிக்குப் போடும் புழுக்கொல்லி டெமிஃபாஸ் ஒரு சதவீத மணல் குருணை. 100 லிட்டருக்கு 10 கிராம் என்பது அதன் அளவு. தண்ணீரின் அளவைக் கணக்கிடாமல் கைப்பிடி அள்ளிப் போடக்கூடாது. அதே பெயரில் திரவ வடிவிலும் மருந்து வருகிறது; அது குடிநீருக்கானது அல்ல. கழிவு எண்ணெய் ஊற்றினால் புழு மூச்சுத் திணறிச் சாகும் என்பது உண்மை. ஆனால் மாடு குடிக்கும் நீரிலும், மீன் இருக்கும் நீரிலும், கிணற்றுக்கு அருகிலும் அதை ஊற்றுவது வேறு தொல்லையை விலைக்கு வாங்குவது.

மலேரியாவில் எத்தனை வகை?

மனிதருக்கு வருவது ஐந்து. அவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஃபால்சிபாரம் உயிரைக் குடிக்கும் வகை. சிகிச்சை தாமதித்தால் ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கலாம். வைவாக்ஸ் மெதுவானது, ஆனால் கல்லீரலில் ஒளிந்திருந்து மறுபடி மறுபடி வரும். எந்த வகை என்று தெரியாமல் மாத்திரை கொடுக்கக்கூடாது, ஏனென்றால் இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றல்ல.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் எடுத்துக் காய்ச்சல் வந்தால்தானே மலேரியா?

முறைக்காய்ச்சல் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். முதலில் உடல் தூக்கிப்போடும் குளிர், அடுத்துக் கொதிக்கும் காய்ச்சல், பிறகு வியர்த்து விட்டுவிடும். நோயாளி எழுந்து வேலைக்கும் போய்விடுவார். வைவாக்ஸில் 48 மணிக்கு ஒருமுறை இப்படி வரலாம். ஆனால் இந்த ஒழுங்கு உருவாகச் சில நாள் ஆகும். தொடக்கத்தில் தினமும் வரும், நேரம் தவறி வரும். ஃபால்சிபாரத்தில் ஒழுங்கே இல்லாமலும் போகலாம். குழந்தைகளுக்கு நடுக்கமே இல்லாமல் வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு என்று தொடங்கும்.

ஆகையால் முறை வருகிறதா என்று பார்த்துக் காத்திருக்காதீர்கள். மலேரியா உள்ள பகுதியில் வசித்தாலும், அங்கே போய் வந்திருந்தாலும், எந்தக் காய்ச்சலுக்கும் 24 மணி நேரத்துக்குள் ரத்தம் பார்க்க வேண்டும். கொசு கடித்து ஃபால்சிபாரம் வெளிப்பட ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வைவாக்ஸ் பல மாதம் கழித்தும் வெளிப்படலாம். சென்ற வாரம் கொசு கடிக்கவில்லையே என்ற பதிலால் மலேரியாவைத் தள்ளிவிட முடியாது.

விரைவுப் பரிசோதனை அட்டையை எப்படிப் பயன்படுத்துவது? தவறு எங்கே நேர்கிறது?

விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் மலேரியா உண்டா என்று காட்டும் அட்டை இது. உறையின் மேல் காலாவதி தேதியைப் பாருங்கள். உறையைக் கிழித்த பிறகு அட்டையை உடனே பயன்படுத்த வேண்டும். ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தின் நிறம் மாறியிருந்தால் அந்த அட்டை வேண்டாம். நடுவிரலையோ மோதிர விரலையோ ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். காயுமுன் குத்தினால் ஸ்பிரிட் ரத்தத்தோடு கலந்து முடிவைக் கெடுக்கும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் சற்றுப் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. கைக்குழந்தைக்குக் குதிகாலில் எடுப்பார்கள்.

அட்டையோடு வரும் குழாயில் குறித்த கோடுவரை மட்டும் ரத்தம் எடுத்து, ரத்தத்துக்கான குழியில் வைக்க வேண்டும். கரைசலை அதற்கான மற்றொரு குழியில், தாளில் சொன்ன அத்தனை சொட்டு, சீசாவை நேர்க்குத்தாகப் பிடித்து விட வேண்டும். அதிகம் நடக்கும் தவறுகள் மூன்று. ரத்தத்தைக் கரைசல் குழியில் விடுவது முதலாவது. ஒரு நிறுவன அட்டைக்கு இன்னொரு நிறுவனக் கரைசலை ஊற்றுவது இரண்டாவது. கரைசல் தீர்ந்ததும் வெறும் தண்ணீர் விடுவது மூன்றாவது. இது எல்லாவற்றிலும் மோசமானது, இல்லாத மலேரியாவைக் காட்டும்.

தாளில் எழுதிய நேரத்தில்தான் படிக்க வேண்டும். அட்டையைப் பொறுத்து அது 15 முதல் 30 நிமிடம். அவசரப்பட்டு ஐந்து நிமிடத்தில் பார்த்து இல்லை என்று சொல்வதும், ஒரு மணி கழித்துப் பார்த்து உண்டு என்று சொல்வதும் தவறு. சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு தெரியாவிட்டால் சோதனையே செல்லாது. புது அட்டை எடுங்கள். நோய்க் கோடு மங்கலாக இருந்தாலும் நோய் உண்டு என்றுதான் பொருள்.

அட்டைகளைச் சன்னலோரத்திலும், வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியிலும் வைக்காதீர்கள். உறையில் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவைத் தாண்டினால் நோய் இருப்பவருக்கும் இல்லை என்று காட்டும்.

அட்டையில் இல்லை என்று வந்தது, காய்ச்சல் விடவில்லை. அல்லது மாத்திரை முடித்த பிறகும் உண்டு என்று காட்டுகிறது. எதை நம்புவது?

முதல் நிலையில், காய்ச்சல் நீடித்தால் அடுத்த நாளே மறுபடி ரத்தம் பாருங்கள். முடிந்தால் நுண்ணோக்கியில் பாருங்கள். தொடக்கத்தில் ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாக இருக்கும். பல அட்டைகள் ஃபால்சிபாரத்தை ஹெச்ஆர்பி2 என்ற புரதத்தை வைத்தே கண்டுபிடிக்கின்றன. சில பகுதிகளில் அந்தப் புரதமே இல்லாத ஃபால்சிபாரம் பரவியிருக்கிறது. அங்கே அட்டை ஏமாற்றும். கூடவே டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், நிமோனியா இவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

இரண்டாவது நிலைக்கும் அதே புரதம்தான் காரணம். கிருமி செத்த பிறகும் அது இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தத்தில் தங்கும். மாத்திரை வேலை செய்ததா என்று அறிய ரத்தப்படலத்தை நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. மீதி மாத்திரையை எதற்குச் சாப்பிட வேண்டும்?

ஃபால்சிபாரத்துக்கு இன்று கொடுப்பது ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து. அதிலுள்ள ஆர்ட்டிமிசினின் பகுதி கிருமியை வேகமாகக் கொன்று குவிக்கும், ஆனால் சில மணி நேரத்தில் உடலைவிட்டு வெளியேறிவிடும். மிஞ்சிய கிருமியைத் தீர்த்துக்கட்டுவது கூட இருக்கும் இரண்டாவது மருந்து. காய்ச்சல் விட்டது முதல் மருந்தின் வேலை. அதோடு நிறுத்தினால் மிஞ்சிய கிருமி பெருகும், அதில் மருந்துக்கு அடங்காதது தப்பிப் பிழைக்கும்.

பரவலாகப் பயன்படும் ஆர்ட்டிமெத்தர்–லூமிஃபான்ட்ரின் மூன்று நாளில் ஆறு வேளை. முதல் வேளைக்குப் பிறகு எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது. பிறகு இரண்டு நாள் காலையும் மாலையும். 35 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு வேளைக்கு 4 மாத்திரை, மொத்தம் 24. எடை குறைந்தால் அளவும் குறையும். கொழுப்புச் சத்துள்ள உணவோடோ பாலோடோ சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் லூமிஃபான்ட்ரின் சரியாக உடலில் சேராது, எண்ணிக்கை சரியாக இருந்தும் மருந்து தோற்கும். விழுங்கிய அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையை மறுபடி கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கான மாத்திரை குறைந்துவிடும் என்பதால் இதைச் சுகாதாரப் பணியாளரிடம் மறைக்காமல் சொல்லி, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.

பல இடங்களில் முதல் நாளில் ஒரே ஒரு வேளை ப்ரைமாகுயினும் சேர்த்துக் கொடுப்பார்கள். அது நோயாளியின் காய்ச்சலைத் தணிக்க அல்ல. கொசுவுக்குள் போய்ப் பெருகும் பருவத்தில் உள்ள கிருமியைக் கொல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்காகச் சாப்பிடும் மாத்திரை என்று இதை விளக்கிப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஆர்ட்டிமிசினினைத் தனி மாத்திரையாகக் கடையில் வாங்கிச் சாப்பிடுவது கூடாது. குளோரோகுயின் ஃபால்சிபாரத்திடம் உலகின் பெரும்பகுதியில் எப்போதோ தோற்றுவிட்டது. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை நம்பி ஒரு நாளைக் கடத்தினாலும் ஆபத்து.

வைவாக்ஸ் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? 14 நாள் மாத்திரை கட்டாயமா?

வைவாக்ஸ் கிருமியில் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக் கிடக்கும். ரத்தத்தில் உள்ளதைக் குளோரோகுயின் மூன்று நாளில் கொன்றுவிடும். உறங்குவதை அது தொடாது. சில வாரத்திலோ மாதங்கள் கழித்தோ அது விழித்து ரத்தத்துக்கு வரும். புதிதாகக் கொசு கடிக்காமலேயே மலேரியா மீண்டும் வருவது இப்படித்தான். உறங்கும் கிருமியைக் கொல்ல ப்ரைமாகுயின். வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், 14 நாள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம். சில நாடுகளில் தினசரி அளவை இரட்டிப்பாக்கி ஏழு நாளில் முடிக்கிறார்கள்.

மலேரியா ஒழிப்பில் அதிகம் கைவிடப்படுவது இந்த 14 நாள்தான். நான்காம் நாளிலேயே உடம்பு சரியாகிவிடும், வயல் வேலை கூப்பிடும், மாத்திரை பரணில் ஏறிவிடும். சுகாதாரப் பணியாளர் நேரில் பார்த்துக் கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்கி, தாளில் 14 கட்டம் போட்டு ஒவ்வொன்றாக அடித்துவரச் சொல்லலாம். சாப்பிட்ட பிறகு எடுத்தால் வயிற்று வலி குறையும்.

ஒரு கவனம் அவசியம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு ப்ரைமாகுயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். முடிந்த இடத்தில் முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை தொடங்கிய பிறகு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ அந்த நொடியே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகள், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள், அந்த வயதுக் குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு இந்த மருந்து கூடாது.

எப்போது ஆரம்ப சுகாதார நிலையம்கூடப் போதாது, நேரே பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும்?

வலிப்பு, கூப்பிட்டால் மயங்கியபடி குழறுவது அல்லது எழுப்ப முடியாத நிலை, உட்கார முடியாத சோர்வு, எதைக் கொடுத்தாலும் வாந்தி, குழந்தை பால் குடிக்க மறுப்பது, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குவது, கண் மஞ்சள், சிறுநீர் கறுப்பது அல்லது நின்றுபோவது, உள்ளங்கையும் கண் உட்புறமும் வெளுத்துப்போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக்கூடாது. கொடுக்க வேண்டியது ஆர்ட்டிசுனேட் ஊசி. மருத்துவமனை தொலைவில் இருந்தால், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆசனவாய் வழியாக வைக்கும் ஆர்ட்டிசுனேட் மருந்தைச் சுகாதாரப் பணியாளர் வைத்து அனுப்புவார். அது வழிச்செலவு மாதிரிதான். போய்ச் சேர்ந்து ஊசி போட்டால்தான் சிகிச்சை. காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று பாதி வழியில் திரும்பக்கூடாது.

மயங்கியவர் வாயில் தண்ணீரோ மாத்திரையோ ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள்.

கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால்?

கர்ப்பிணிக்குக் கிருமி நஞ்சுக்கொடியில் தேங்கும். தாய்க்கு ரத்தசோகை, குழந்தைக்கு எடைக்குறைவு, கருச்சிதைவு ஆகியவை வரலாம். காய்ச்சல் லேசாக இருந்தாலும் அன்றே பரிசோதனை வேண்டும். முதல் மூன்று மாதத்திலும் ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமெத்தர்–லூமிஃபான்ட்ரின் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. வீட்டில் ஒரே ஒரு வலை இருந்தால் அது அவருக்கும் சிறு குழந்தைக்கும்தான்.

கொசுவலை கொடுத்தார்கள். முகம் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று யாரும் கட்டுவதில்லையே?

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் உறையிலிருந்து எடுத்த அன்றே கட்டியது. மருந்தேற்றிய புது வலையை ஒரு நாள் முழுக்க நிழலில் விரித்துத் தொங்கவிட்டுப் பிறகு கட்ட வேண்டும். வெயிலில் காயவைத்தால் மருந்து வீணாகும்.

இரண்டு பேருக்கு ஒரு வலை என்பது பொதுவான கணக்கு. நான்கு முனையும் இழுத்துக் கட்டி, கீழ் ஓரத்தைப் பாய் அல்லது மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகுங்கள். கை, முட்டி வலையில் உரசிக் கிடந்தால் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். வலை அகலம் போதாவிட்டால் பெரியதைக் கேட்டு வாங்குங்கள். இருட்டு விழுந்ததும் இறக்கிவிட்டுவிடுங்கள். படுக்கப் போகும்போது இறக்கினால் ஏற்கெனவே உள்ளே புகுந்த கொசுவோடுதான் தூங்க வேண்டும். காலையில் சுருட்டி மேலே கட்டுங்கள். உணவுத் துணுக்கு ஒட்டிய வலையை எலி கடிக்கும்.

நீடித்த மருந்து வலை சுமார் 20 சலவைக்கும் ஏறக்குறைய மூன்று வருடத்துக்கும் தாங்கும்படி செய்யப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை துவைத்தால் போதும். குளிர்ந்த நீரும் சாதாரணக் குளியல் சோப்பும் போதும். சோப்புத்தூள், பிளீச்சிங், கல்லில் அடிப்பது எல்லாம் மருந்தை உரித்தெடுத்துவிடும். வலையில் ஏற்றியிருக்கும் பைரித்ராய்டு மருந்து மீனுக்கு நஞ்சு. அதனால் வலையை ஆற்றிலோ குளத்திலோ துவைக்காமல் வாளியில் துவைத்து, அழுக்கு நீரை நீர்நிலையிலிருந்து தள்ளிக் குழியில் ஊற்றுங்கள். மீன் பிடிக்கவும் அந்த வலை உதவாது, குஞ்சு மீன் வரை அள்ளிக் கொன்றுவிடும்.

ஓட்டை விழுந்தால் உடனே தையுங்கள். சிறு ஓட்டை இருந்தாலும் மருந்து உள்ள வலை, மருந்தில்லாத புது வலையைவிட நன்றாகக் காக்கலாம். பைரித்ராய்டுக்கு அடங்காத கொசு உள்ள இடங்களில் குளோர்ஃபெனபைர் சேர்த்த இரட்டை மருந்து வலைகளை உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்தது. பழைய வலையைத் திறந்த வெளியில் எரிக்காதீர்கள், நீர்நிலை அருகே புதைக்காதீர்கள்.

வீட்டுச் சுவரில் மருந்து அடிக்க வருகிறார்கள். அனுமதிக்கலாமா?

அனுமதியுங்கள். ரத்தம் குடித்த கொசு கனத்த வயிற்றோடு பக்கத்துச் சுவரில் உட்காரும். அங்கே படிந்துள்ள மருந்து அதைக் கொல்கிறது. பலர் முன்னறையை மட்டும் காட்டிவிட்டுப் படுக்கையறையைப் பூட்டிவிடுகிறார்கள். கொசு கடிப்பது படுக்கையறையில்தான், கடித்துவிட்டு உட்காருவதும் அங்கேதான்.

முன்பே உணவு, குடிநீர், பாத்திரம், துணி ஆகியவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். கனமான சாமான்களை அறை நடுவில் குவித்து மூடுங்கள். தெளித்த பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம், சுவர் காயும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. பிறகு கதவு சன்னலைத் திறந்து, தரையில் விழுந்த பூச்சிகளைப் பெருக்கிப் புதையுங்கள், கோழி பொறுக்கவிடாதீர்கள். அடுத்த சில மாதத்துக்குச் சுவரைக் கழுவவோ மெழுகவோ வெள்ளையடிக்கவோ வேண்டாம். திருவிழாவுக்கு முன் வீட்டை வெள்ளையடிக்கும் வழக்கம் இருந்தால், தெளிப்புக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். மூட்டைப்பூச்சி அதிகமாகிவிட்டது என்ற புகார் அடிக்கடி வரும். அதில் உண்மை உண்டு: மருந்து பழகிப்போன மூட்டைப்பூச்சி சாகாமல், எரிச்சலில் மறைவிடத்தைவிட்டு வெளியே வருகிறது. அதற்குத் தனியாக வழி செய்ய வேண்டும், தெளிப்பை நிறுத்தக் கூடாது.

இலைப் புகை, கொசுவத்திச் சுருள், உடலில் பூசும் கொசுவிரட்டிப் பூச்சு உதவுமா?

புகை இருக்கும் நேரத்துக்குக் கொசு சற்று விலகும், அவ்வளவுதான். அடைத்த அறையில் சுருள் எரித்துத் தூங்குவது நுரையீரலுக்குக் கேடு. டீட் என்ற கொசுவிரட்டி மருந்து 20 சதவீதம் உள்ள பூச்சு மாலை நேர வேலைக்கு உதவும்; குழந்தையின் கையில் பூசாதீர்கள், வாயில் வைத்துக்கொள்ளும்.

வயல் காவலுக்கும் காட்டு வேலைக்கும் போய் வெளியே படுப்பவர்கள் என்ன செய்வது?

வீட்டு வலையும் சுவர் மருந்தும் இவர்களுக்கு எட்டாது. ஊரில் தொற்று அணையாமல் இருப்பதற்கு இவர்கள் ஒரு முக்கியக் காரணம். மடித்து எடுத்துப் போகும் ஒற்றை வலை, மருந்தேற்றிய தூளி வலை, முழுக்கை உடை, பூச்சு ஆகியவை தேவை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் படுப்பதைத் தவிருங்கள், பல அனாஃபிலஸ் வகைகள் பகலில் அங்கேதான் தங்கும். நீண்ட நாள் தங்கும் குழுவுக்குப் பரிசோதனை அட்டையும் பயிற்சி பெற்ற ஒருவரும் கூட இருப்பது நல்லது.

தடுப்பூசி வந்துவிட்டதாமே?

இரண்டு இருக்கின்றன: 2021-ல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்டிஎஸ்எஸ், 2023-ல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்21. மலேரியா உள்ள பகுதிக் குழந்தைகளுக்கு, ஏறக்குறைய ஐந்து மாத வயதிலிருந்து நான்கு தவணை. முதன்மையாக ஆப்பிரிக்க நாடுகளில் போடப்படுகிறது. ஃபால்சிபாரத்தை மட்டும் தடுக்கும், அதையும் முழுமையாக அல்ல. வலையை அவிழ்க்க முடியாது.

எங்கள் ஊரில் ஒரு வருடமாக யாருக்கும் மலேரியா இல்லை. ரத்தம் எடுப்பதை நிறுத்திவிடலாமா?

இலங்கையில் 1963-ல் நாடு முழுவதிலும் பதிவானது 17 பேர்தான். தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1960களின் இறுதியில் நோயாளிகள் எண்ணிக்கை லட்சக்கணக்கில் ஏறியது. மறுபடி 2012 அக்டோபரில் உள்ளூர்த் தொற்று நின்று, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கிடைக்கும்வரை அந்த நாடு பட்ட பாடு கொஞ்சமல்ல.

நோய் குறைந்த ஊரில் கொசு அப்படியே இருக்கிறது. மக்களின் எதிர்ப்புச் சக்தி மங்கியிருக்கிறது. மலேரியா உள்ள பகுதியில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் ஒருவர் போதும். வெளியூர் வேலையிலிருந்து வந்தவர் பட்டியலை வைத்து, வந்த வாரத்திலேயே ரத்தம் பாருங்கள். அடுத்த சில மாதத்தில் எந்தக் காய்ச்சல் வந்தாலும் மறுபடி பாருங்கள். உடலில் கிருமி இருந்தும் காய்ச்சலே இல்லாமல் நடமாடுபவர்களும் உண்டு.

2021-ல் மலேரியா இல்லாத நாடாகச் சான்று பெற்ற சீனா பின்பற்றியது 1-3-7 என்ற ஒழுங்கு. நோய் உறுதியான ஒரு நாளுக்குள் மேலே தெரிவிப்பது, மூன்று நாளுக்குள் கிருமி எங்கே தொற்றியது என்று விசாரிப்பது, ஏழு நாளுக்குள் நோயாளியின் வீட்டைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் ரத்தம் பார்த்து, வீடுகளுக்கு மருந்து தெளித்து முடிப்பது. உங்கள் ஊரிலும் ஒருவருக்கு உறுதியானால் முதலில் கேட்க வேண்டியது, கடந்த ஒரு மாதத்தில் அவர் எங்கெல்லாம் இரவு தங்கினார் என்பதை. வெளியே எங்கும் தங்கவில்லை என்றால் கிருமி ஊருக்குள்ளேயே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம்; வைவாக்ஸ் மட்டும் பல மாதம் முன்பு தொற்றியதாகவும் இருக்கலாம். அன்றே அக்கம்பக்கத்து வீடுகளில் காய்ச்சல் உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டும்.